பெரிய தட்டு மெல்லச் சுற்றும்

பெரிய தட்டு என்றால் மெல்லச் சுற்ற வேண்டும். சின்னத் தட்டு என்றால் கெதியாகச் சுற்ற வேண்டும். ஒலிபெருக்கி வேலைக்கு வந்தபோது நான் முதலில் பழகியது இதைத்தான். தட்டுச் சுழற்றும் பெட்டியின் ஓரத்தில் ஒரு சின்னச் சுவிச் இருக்கும். ஒரு பக்கம் 33, மற்றப் பக்கம் 45. பெரிய தட்டுக்கு 33, சின்னத் தட்டுக்கு 45. கலியாண வீடுகளிலும் கோயில் திருநாள்களிலும் அப்படித்தான் போட்டோம். ஒருநாளும் பிழை வந்ததில்லை. பிறகு கசெட் வந்தது, சீடி வந்தது. இப்போது ஒரு நகத்தளவு பென் டிரைவில் திருநாள் முழுவதும் அடங்கிவிடுகிறது. தட்டுப் பெட்டியை உடுத்துப் பழசான ஒரு சாரத்தால் மூடிக் கொட்டிலின் மூலையில் வைத்திருந்தேன்.

எங்கள் ஊர் சுருவில் என்கிற தீவு ஊருக்குப் பக்கத்துக் கடற்கரையில் இருக்கிறது. நானும் தங்கச்சியும் அவளுடைய மனிசனும் ஒரே வளவுக்குள் இருக்கிறோம். மச்சான் கடலுக்குப் போகிறவர். நான் ஸ்பீக்கர் கட்டுகிறவன். ஊரில் எல்லாருடைய குரலையும் பெரிதாக்கிக் கொடுக்கிறவன் என்றாலும் என்னுடைய குரலை ஒருவரும் மைக்கில் கேட்டதில்லை. சத்தம் சரியா என்று பார்ப்பதற்குக்கூட "ஒண்டு, ரெண்டு" சொல்லமாட்டேன். விரலால் தட்டிப் பார்த்துவிட்டு மைக்கை நீட்டிவிடுவேன். மச்சான் இதை வைத்து எத்தனையோ பகிடி விட்டிருக்கிறார். என்னுடைய செத்த வீட்டிலும் நானே எழும்பி மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பப் படுத்துவிடுவேனாம்.

பெட்டிகள் லண்டனில் இருந்து கப்பலில் வந்தன. என் பெரியப்பாவின் மகன், எங்களுக்கு அண்ணை, இளம் வயதிலேயே அங்கே போனவர். பெற்றோல் அடிக்கிற இடத்தில் வேலை செய்தார் என்று மட்டும் எங்களுக்குத் தெரியும். அவர் காலமான பிறகு வீட்டை விற்பதற்காக மனைவி சாமான்களை ஒதுக்கியிருக்கிறார். சட்டி பானைகளோடும் குளிர்ச் சட்டைகளோடும் இரண்டு பாரமான பெட்டிகள் எங்களுக்கு வந்து சேர்ந்தன. தூக்கியபோது மச்சான், அண்ணர் லண்டனில் இருந்து ஓடு அனுப்பியிருக்கிறார் போலக் கிடக்கு, கொட்டிலுக்குப் போடுவோம் என்றார். திறந்தால் உள்ளே இசைத்தட்டுகள். எல்லாம் பெரிய தட்டுகள்.

அண்ணையின் மகள் வட்ஸ்அப்பில் கதைத்தாள். அவளுடைய தமிழ் மெல்ல மெல்லத்தான் வரும், ஆனால் வரும். அவள் சொன்னதில் இருந்து நான் விளங்கிக்கொண்டது இதுதான். அண்ணை வார இறுதிகளில் ஒரு சின்ன இசைத்தட்டுக் கொம்பனிக்கு வான் வண்டி ஓடியிருக்கிறார். கொம்பனி என்று சொன்னாலும் அது ஒரு வீட்டின் மேல்மாடி அறைதானாம். அங்கே பெடியன்கள் கூடிக் கிட்டார் அடித்து, அதற்கு மெசின் மேளத்தைச் சேர்த்து, ஆடுவதற்கென்று பாட்டுகள் செய்திருக்கிறார்கள். கொஞ்சத் தட்டுத்தான் அடிப்பார்கள். தட்டைப் போடுகிற மட்டை உறையைக் கையால் ஒட்டுவார்கள். கொஞ்சப் பேர் வாங்குவார்கள், பிறகு அந்தக் கொம்பனி இருக்காது. வானொலியிலும் வராது. ஆடினவர்களே மறந்துபோன பாட்டுகள். இப்போது அவர்களுக்கு என் வயதாகிவிட்டது. ஒருவரை ஒருவர் கேட்டுத் தேடத் தொடங்கியிருக்கிறார்களாம். "சித்தப்பா, ஒவ்வொண்டாப் போட்டுப் பாருங்கோ, எது கீறல், எது நல்லது எண்டு எனக்குச் சொல்லுங்கோ" என்றாள்.

நான் சாரத்தை எடுத்தேன். தட்டுப் பெட்டியின் றப்பர் வாரை மாற்றி ஊசியைத் துடைத்தேன். பெரிய தட்டு, சுவிச்சை 33இல் விட்டேன். சில தட்டுகளின் நடுவில் ஒட்டியிருந்த கடதாசியில் 45 என்று மிகச் சின்னதாக ஒரு இலக்கம் இருந்தது. கொம்பனி போட்ட தட்டு இலக்கமாக்கும் என்று நினைத்தேன்.

வாடைக் காற்றுக் காலம். பின்னேரங்களில் கொட்டில் கதவைச் சாத்திவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டேன். மட்டைகளில் ஆட்களின் முகம் அதிகம் இல்லை. தண்ணீர் இல்லாத நீச்சல் குளம் ஒன்று, மழையில் நிற்கிற பஸ் ஒன்று, பாதி வெட்டின தோடம்பழம் ஒன்று. வெளிச்சத்தில் சரித்துப் பிடித்தால், பாட்டு முடிந்து கடதாசி தொடங்குகிற வெறும் இடத்தில், ஆரோ ஊசியால் எழுத்துகள் கீறியிருப்பது தெரியும். பத்தாம் வகுப்பு வரை படித்த என் ஆங்கிலத்தில் எழுத்துக் கூட்டி வாசித்தேன். ஒன்றில் 'அம்மாவுக்குச் சொல்லாதே' என்கிற மாதிரி இருந்தது. இன்னொன்றில் 'இது எங்கள் கடைசி' என்று இருந்தது. அச்சில் இல்லாத, தேடினவனுக்கு மட்டும் தெரிகிற பேச்சு. அண்ணையும் இப்படிச் சரித்துப் பிடித்துப் பார்த்திருப்பார் என்று நினைத்தேன்.

ஆனால் பாட்டுகள் ஆடுகிற பாட்டுகளாக எனக்குப் படவில்லை. மேளம் கட்டை இறக்குகிறது போல விழுந்தது. விழுந்து, யோசித்து, திரும்ப விழுந்தது. கிட்டார் தண்ணீருக்குள் இருந்து வந்தது. பாடினவர்கள் கிணற்றுக்குள் நின்று பாடினார்கள். ஒருவருக்கும் அவசரம் இல்லை. ஒருவருக்கும் சந்தோசமும் இல்லை. இதற்கா அந்த ஊர்ச் சனம் ஆடினது என்று யோசித்தேன். அந்தக் குளிருக்கு இப்படித்தான் ஆடுவார்களாக்கும். சொல்ல வெட்கம், எனக்கு அவை பிடித்திருந்தன. என்னைப் போல ஆட்கள் பாடின மாதிரி இருந்தது.

தங்கச்சி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, இது என்ன செத்த வீட்டுப் பாட்டோ என்று கேட்டாள். மச்சான் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, கொட்டில் நடுவில் நின்று, கண்ணை மூடி, பெருமூச்சு விட்டு விட்டு ஒரு ஆட்டம் ஆடிக் காட்டினார். பெரிய வெள்ளிக்கிழமை சிலுவை தூக்கிப் போகிறவரின் நடை அது. அவள் சிரித்துவிட்டு, கடவுளுக்குப் பகிடி விடாதேங்கோ என்று அதட்டினாள்.

லண்டன் பெட்டி ஒன்றின் அடியில் ஒரு வெள்ளைத் தட்டு இருந்தது. மட்டையும் வெள்ளை, நடுக் கடதாசியும் வெள்ளை. பெயர் இல்லை, இலக்கம் இல்லை. றப்பர் முத்திரையால் குத்தின ஒரு நங்கூரம் மட்டும். நானும் மச்சானும் தங்கச்சியும் இருக்கும்போதுதான் அதைப் போட்டேன். முதலில் கொஞ்சம் இரைச்சல். பிறகு மணி.

ஊரில் ஆராவது செத்தால் எங்கள் வேதக் கோயிலில் துக்க மணி அடிப்பது வழக்கம். ஆம்பிளைக்கு ஒரு விதம், பொம்பிளைக்கு ஒரு விதம், பிள்ளைகளுக்கு ஒரு விதம். கேட்ட உடனே குசினிக்குள் சமைத்துக்கொண்டு நிற்கிறவர்களும் கையை நிறுத்தி, ஆரென்று யோசிப்பார்கள். தட்டில் வந்தது ஆம்பிளைக்கு அடிக்கிற மணி. அதே கனம். இரண்டு அடி, பிறகு நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிற அந்த இடைவெளி, பிறகு இரண்டு அடி. நாலைந்து தரம் அடித்த பிறகுதான் மேளம் தொடங்கியது. பிறகு ஒரு ஆண் குரல், மிகவும் களைத்த குரல்.

மச்சானும் பகிடி விடவில்லை. தங்கச்சி முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணை, அதை நிப்பாட்டுங்கோ. இனிப் போடாதேங்கோ" என்றாள். நிறுத்தினேன். உறைக்குள் போட்டு அலுமாரிக்கு மேலே வைத்தேன்.

திருநாள் நெருங்கியது. கோயில் முன்றலில் கம்பம் நட்டுக் குழாய் ஸ்பீக்கர்களைக் கட்டினேன். கம்பம் கடலைப் பார்த்துத்தான் நிற்கும். தொழிலுக்குப் போனவர்களுக்கும் செபம் கேட்கவேண்டும் என்பது பழைய ஒழுங்கு. வயரை என் கொட்டில் வரைக்கும் இழுத்து அம்பிளிபயரில் பூட்டி, காலையில் செபம் போட்டுப் பார்த்தேன். வயரைக் கழற்றவேண்டாம், பின்னேரம் ஒரு அறிவித்தல் இருக்கு என்று கோயில் குழுவில் ஒருவர் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மத்தியானம்தான் லண்டன் பிள்ளையிடம் இருந்து செய்தி வந்தது. நங்கூரம் குத்தின வெள்ளைத் தட்டு இருக்கிறதா? எல்லாரும் தேடுவது அதைத்தானாம். அது இல்லை, கதை மட்டும்தான் என்றும் சிலர் சொல்கிறார்களாம். இருந்தால் போனில் பதிந்து அனுப்பச் சொன்னாள்.

பின்னேரம் தங்கச்சி கோயிலைக் கூட்டப் போயிருந்தாள். மச்சான் வலை போடப் போயிருந்தார். பின்னேரம் போய் வலையைப் போட்டுவிட்டு இருட்டுமுன் வந்துவிடுவார்கள், விடியப் போய்த்தான் இழுப்பார்கள். கதவைச் சாத்தி, போனைச் சின்ன ஸ்பீக்கருக்குக் கிட்ட வைத்து, தட்டைப் போட்டேன். வெளியே காற்று ஓலையைப் பிடித்து உலுப்பிக்கொண்டிருந்தது. வெளியிலும் அதே சத்தம்தான் வருகிறது என்பது உள்ளே இருந்த எனக்குத் தெரியவில்லை. முழுவதையும் போட்டேன். முடிவிலும் மணி வந்தது. பதிந்ததைப் பிள்ளைக்கு அனுப்பிக்கொண்டு நிற்கும்போது கதவை ஆரோ கையால் அறைந்தார்கள்.

கோயில் மணி அடிக்கிற அண்ணை. வயதானவர், நெஞ்சு வருத்தக்காரர், எந்த நேரமும் இருமல். அந்த மனிசன் ஓடி வந்திருந்தார். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

"தம்பி, நான் கயித்துக்குக் கீழ நிண்டு பாத்தனான். மணி அசையேல்லை. சத்தம் மட்டும் வருது."

நான் தட்டைக் காட்டினேன். வயரைக் காட்டினேன். அவர் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு அவர் கேட்டது என்னைத் திட்டியிருந்தாலும் பரவாயில்லை என்று நினைக்க வைத்தது. "வள்ளங்களுக்கும் கேட்டிருக்குமே?"

எங்கள் ஊரில் துக்க மணி கேட்டால் கடலில் நிற்கிறவன் வலையை இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வரவேண்டும். ஆள் ஆரென்று தெரிந்து, அந்த வீட்டு வாசலுக்குப் போய் நிற்கவேண்டும். அடக்கம் முடியும் வரைக்கும் ஒரு வள்ளமும் இறங்காது. வாடை கரையில் இருந்து கடலுக்கு வீசுகிற காற்று. அது சத்தத்தைக் கையில் கொண்டுபோய்க் கொடுத்திருக்கும்.

கடற்கரைக்குப் போனோம். சனம் முதலே நின்றது. வள்ளங்கள் ஒவ்வொன்றாக வந்தன. ஒவ்வொரு வள்ளமும் மணலில் முட்ட முன்னமே அதில் நிற்கிறவர் கேட்டது ஒரே கேள்வி. "ஆர்?" கரையில் நின்ற பெண்கள் தங்களுடைய ஆளைக் கண்ட பிறகுதான் மூச்சு விட்டார்கள், மூச்சு விட்ட பிறகு அவர்களும் திரும்பிப் பக்கத்தில் நிற்பவளிடம் அதையே கேட்டார்கள். ஒருவரிடமும் பதில் இல்லை. பதில் என்னிடம் இருந்தது. இத்தனை பேருக்கு முன்னால் வாயைத் திறக்க எனக்கு ஏலாமல் இருந்தது.

மணி அடிக்கிற அண்ணைதான் சொன்னார், இது லண்டன் றெக்கோட்டில் வந்த மணி என்று. சிலர் சிரித்தார்கள். சிலர் என்னைத் தூசணத்தில் ஏசினார்கள். ஆனால் சொந்தமாக வள்ளங்கள் வைத்திருக்கிற வயதான சம்மாட்டி ஒருவர் வலையை உதறிக்கொண்டே சொன்னார்: "பிறந்த நாளிலையிருந்து கேக்கிற மணி. லண்டன் றெக்கோட்டுக்குள்ளை எங்கடை மணி எப்பிடியப்பா போகும்?" அதற்குப் பிறகு சிரிப்பு நின்றது. ஆரோ செத்திருக்கவேண்டும், வீட்டில் தனியக் கிடக்கிற கிழடு கட்டை ஆரையாவது போய்ப் பாருங்கோ என்று ஆட்களை ஊருக்குள் அனுப்பினார்கள்.

எல்லா வள்ளமும் வந்துவிட்டது, மச்சானுடையது தவிர.

தங்கச்சி கரையில் நின்றாள். கையில் அவருடைய போன். சார்ஜில் போட்டுவிட்டு மறந்து போயிருந்தார். அவள் அழவில்லை. கடலைப் பார்த்துக்கொண்டே, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் என்னிடம் சொன்னாள்: "அவருக்கு அது றெக்கோட் எண்டு தெரியுமண்ணை. அவர் கேட்டவர்தானே. அதுதான் வரேல்லை."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. கடலில் நின்ற அத்தனை பேரிலும் அந்த மணியைத் தெரிந்த ஆள் அவர் ஒருவர்தான். மற்றவர்கள் பயந்து வலையை இழுக்க, இவர், மச்சான் திரும்பவும் தட்டைப் போடத் தொடங்கிவிட்டான் என்று என்னை நினைத்துச் சிரித்திருப்பார். தனியே நின்று வலை போட்டிருப்பார். அதுவரைக்கும் பிழையில்லை. ஆனால் நேரம் போய்க்கொண்டிருந்தது. வெளிச்சம் சாம்பலாகிக்கொண்டு வந்தது, காற்றும் ஏறியது. எஞ்சின் நின்றாலும், தண்ணீருக்குள் சுழல்கிற விசிறியில் வலை சுற்றினாலும், மற்ற நாள்களில் கூப்பிடு தூரத்தில் ஒரு வள்ளமாவது நிற்கும். அன்று ஒன்றும் இல்லை. அந்த மணி கடலைக் காலியாக்கிவிட்டிருந்தது. வாடைக்கு இழுபட்டால் வள்ளம் அனலைதீவைத் தாண்டிப் போகும். அதற்கு அங்கால் இழுவைப் படகுகள் இரவில் விளக்கில்லாமல் வருகிற கடல்.

ஆராவது போய்ப் பார்க்கவேண்டும். நான் ஒருவர் முகத்தையும் பாராமல் கேட்டேன். மாட்டோம் என்று ஒருவரும் சொல்லவில்லை. ஆனால் கால்கள் அசையவில்லை. அடித்த மணிக்கு ஆள் தெரியாமல் எப்படி வள்ளத்தை இறக்குவது என்று ஒரு குரல் வந்தது. ஆள் அவன்தானோ தெரியாது என்று இன்னொரு குரல் மெல்லமாக வந்தது. தங்கச்சிக்கு அது கேட்டிருக்கும்.

சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. லண்டன் பிள்ளை. குரல் செய்தி அனுப்பியிருந்தாள். காதுக்குள் வைத்துக் கேட்டேன். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"சித்தப்பா, ஸ்பீட் பிழை. இது பெரிய றெக்கோட், ஆனா 45இலை ஓட வேணும். எல்லாத்தையும் அப்பிடியே ஸ்லோவாவா கேட்டனீங்கள்? அது பள்ளிக்கூட பெல், சித்தப்பா. பாடுறது ஒரு பொம்பிளைப் பிள்ளை."

நான் கொட்டிலுக்கு ஓடினேன். என் வயதில் ஓடுகிற ஓட்டம். மணி அடிக்கிற அண்ணை பின்னால் வந்தார், ஏனென்று கேட்கவில்லை. தட்டு இன்னும் பெட்டியிலேயே கிடந்தது. முதலில் மைக்கை எடுத்தேன். பழக்கத்தில் விரலால் தட்டினேன். குழாய்களில் டொக், டொக் என்று கேட்டது. கரையில் எல்லாரும் திரும்பிப் பார்த்திருப்பார்கள்.

"இது மணியில்லை," என்றேன். என்னுடைய குரல் கோயில் முன்றலில் இருந்து திரும்பி வந்து எனக்கே கேட்டது. எனக்குத் தெரியாத ஆளின் குரல் போல இருந்தது. "இது தட்டு. நான் பிழையாய்ப் போட்டிட்டன். வடிவாய்க் கேளுங்கோ."

45. ஊசியை வைத்தேன். பள்ளிக்கூட மணி. இடைவேளைக்கு அடிக்கிற, பிள்ளைகளை விழுந்தடித்து ஓடவைக்கிற மணி. அது அடித்துக்கொண்டிருக்கும்போதே சுவிச்சை 33க்குத் தள்ளினேன். மணி முழங்கால் மடிந்தது போலக் கீழே இறங்கி, கனத்து, எங்கள் துக்க மணியாக மாறியது. திரும்ப 45க்கு. ஏறி வந்து பள்ளிக்கூட மணியாயிற்று. இன்னொரு தரம் இறக்கினேன், ஏற்றினேன். பிறகு அப்படியே விட்டேன். மேளம் பிடித்துக்கொண்டது. கிட்டார் தண்ணீருக்குள் இருந்து வெளியே வந்தது. களைத்த ஆம்பிளை என்று நான் நினைத்திருந்த அந்தக் குரல், பதினெட்டு இருபது வயதுப் பிள்ளை ஒன்று நெஞ்சு நிறைய மூச்செடுத்துப் பாடுகிற குரலாகக் கம்பத்தில் இருந்து கடலுக்குப் போனது.

கரையில் எஞ்சின்கள் தொடங்குகிற சத்தம் கேட்டது. ஒன்று. பிறகு இன்னொன்று.

நான் கொட்டிலை விட்டு வெளியே வரவில்லை. பாட்டு முடிய முடிய ஊசியை எடுத்து முதலில் வைத்தேன். இருட்டினால் கரை எந்தப் பக்கம் என்பதற்கு அவருக்கு ஒரு சத்தமாவது இருக்கட்டும் என்று நினைத்தேன். அந்தப் பிள்ளை திரும்பத் திரும்பப் பாடினாள். ஆங்கிலத்தில் என்ன பாடினாள் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. மணி அடிக்கிற அண்ணை கதிரையில் சாய்ந்திருந்து இருமிக்கொண்டிருந்தார். கதவுக்கு வெளியே கடைசி வெளிச்சமும் போனது.

தங்கச்சி வந்து தன் கையாலேயே அம்பிளிபயரை நிறுத்தினாள். முகத்தில் இருந்து ஒன்றும் தெரியவில்லை. இவ்வளவு சத்தத்துக்குப் பிறகு வந்த அமைதியில், "வந்திட்டார்" என்றாள்.

இழுவைப் படகு அறுத்து விட்ட வலைத்துண்டு ஒன்று விசிறியில் சுற்றியிருக்கிறது. அதை வெட்டும்போது கத்தி தவறி வலது உள்ளங்கையைப் பிளந்துவிட்டது. அந்தக் கையால் எஞ்சினைத் தொடக்குகிற கயிற்றை இழுக்க ஏலவில்லை. அனலைதீவைக் கடந்து இழுபட்டுக்கொண்டிருந்தவரைத் தேடிப் போனவர்கள் பிடித்து வந்தார்கள். கையைச் சாரத்துண்டால் கட்டி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மணலில் இறங்கினவர், கரைக்கு ஓடின என்னைக் கண்டதும் வழமை போல ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் தங்கச்சியைப் பிடித்துக்கொண்டு நடந்தார். "முதலாவது மணிக்குச் சிரிச்சனான், மச்சான்" என்று மட்டும், அடுத்த நாள், ஆஸ்பத்திரியில் வைத்துச் சொன்னார்.

கைக் காயம் ஆறியது. ஆனால் தங்கச்சி அவரைக் கடலுக்கு விடவில்லை.

ஊரும் அப்படித்தான் இருந்தது. தட்டு என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. பிள்ளைகள் என்னைக் கண்டால், நடந்துகொண்டே மெல்ல மெல்லக் குரலைத் தாழ்த்தி, செத்தவர்கள் போலக் கண்ணைச் செருகி, பிறகு விறுக்கென்று எழும்பி ஓடினார்கள். ஆனால் அந்த மணி அவ்வளவு பேர் காதில் விழுந்த மணி. ஊரே வாசலுக்கு வந்து ஆரென்று கேட்ட மணி. அந்த மணிக்குரிய சாவு மட்டும் வரவில்லை. சந்தியில் வயதான ஆட்கள் ஒருவரையொருவர் கண்டால், "என்ன, உமக்கோ எனக்கோ?" என்று கேட்டுச் சிரித்தார்கள். சிரித்தவர்கள் வீட்டுக்குப் போய்க் காய்ச்சலுக்கு மருந்து எடுத்தார்கள். ஆருக்காவது நெஞ்சு நொந்தால் செய்தி ஊர் முழுக்க ஓடியது. அவர் சுகமாகிவிட்டார் என்ற செய்தி அவ்வளவு கெதியாக ஓடவில்லை.

நான் தங்கச்சிக்குச் சொல்லிப் பார்த்தேன். அது பள்ளிக்கூட மணி, உன் கண் முன்னால் மாற்றிக் காட்டினேனே என்றேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "றெக்கோட்டோ மணியோ, ஆம்பிளைக்கு அடிச்சாச்சு. இவர் வந்திட்டார். அப்ப அது இன்னும் ஒரு ஆளுக்காக நிக்குதுதானே" என்றாள். மச்சான் முற்றத்தில் இருந்து கிழிந்த வலையைப் பொத்தினார். முன்னர் வாய் ஓயாத மனிசன். கடல் பக்கத்தில் எஞ்சின் சத்தம் கேட்டால் வலையூசி நிற்கும். சத்தம் தூரப் போனதும் திரும்ப ஓடும்.

லண்டன் பிள்ளை அந்தத் தட்டை அனுப்பிவைக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தாள். பாடின பிள்ளை ஆரென்று ஒருவருக்கும் தெரியவில்லையாம். அவர்களும் அங்கே ஆர், ஆர் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். நான் இன்று நாளை என்று கடத்தினேன்.

பிறகு ஒரு பின்னேரம் மணி அடிக்கிற அண்ணை கொட்டிலுக்கு வந்தார். முன்னரைவிட மெலிந்திருந்தார். அந்தத் தட்டைப் போடச் சொன்னார். மெல்ல, முதல் போட்ட மாதிரி. வெளி வயர் பூட்டவில்லை என்பதை இரண்டு தரம் பார்த்துவிட்டுப் போட்டேன். அவர் கதிரையில் இருந்து, கண்ணை மூடி, கயிறு பிடிக்கிற கையை மடியில் வைத்து அடிக்கு அடி மெல்ல இறக்கினார். இடைவெளியிலும் கை சரியாக நின்றது. மேளம் தொடங்கியதும் போதும் என்றார். தங்கச்சியைக் கூப்பிடச் சொன்னார்.

அவள் வந்து கதவடியில் நின்றாள். மச்சான் அவளுக்குப் பின்னால் வலையூசியோடு நின்றார்.

"பிள்ளை, நான் வடிவாய்க் கேட்டிட்டன்," என்றார் அவர். "எனக்கு ஆர் அடிப்பினம் எண்டு கனநாளாய் யோசிச்சுக்கொண்டிருந்தனான். இது எனக்கு அடிச்ச மணி. முந்தி அடிச்சுப் போட்டினம், அவ்வளவுதான். நீ உன்ரை மனிசனைக் கடலுக்கு விடு."

தங்கச்சி அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவர் இருமினார். அந்த இருமலை அவள் கவனமாகக் கேட்டுக்கொண்டு நின்றதை நான் கண்டேன். பிறகு குசினிக்குப் போய் அவருக்குத் தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்து, இரண்டு கையாலும் கொடுத்தாள். அடுத்த நாள் மச்சான் கடலுக்குப் போனார்.

போகும்போது கரையில் என்னை ஒரு பார்வை பார்த்து, மைக்கைத் தட்டுவது போலக் காற்றில் இரண்டு தரம் விரலால் தட்டிக் காட்டினார். அது பழைய மச்சான். எனக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தச் சந்தோசத்துக்கு ஒரு ஆள் பொறுப்பு நிற்கிறார் என்பது மறக்கவில்லை.

தட்டை நான் இன்னும் லண்டனுக்கு அனுப்பவில்லை. இங்கே கொஞ்ச நாளைக்குத் தேவை என்று பிள்ளைக்குச் சொன்னேன். அவள் பகிடி என்று நினைத்துச் சிரித்தாள். மற்றத் தட்டுகளை இப்போது 45இல் போட்டுக் கேட்கிறேன். நல்ல பாட்டுகள். அந்த ஊர்ச் சனம் எதற்கு ஆடினது என்று விளங்குகிறது. ஆனாலும் என் காதுக்குள் அவை மெல்லத்தான் ஓடுகின்றன. கெதியாக ஓடுகிற ஒவ்வொன்றுக்குள்ளும் அந்த மற்றது கீழே கிடக்கிறது, ஒரு சுவிச் தூரத்தில்.

காலையில் வள்ளங்கள் இறங்குவதற்குச் சற்று முன்னர் கோயில் செப மணி அடிக்கும். முன்னர் நான் அதைக் கவனித்ததில்லை. இப்போது அதற்கு முன்னரே எழும்பிப் படுக்கையில் இருக்கிறேன். குசினியில் தங்கச்சியின் கையும் அந்த நேரத்தில் நிற்பது எனக்குக் கேட்கும். மணி கேட்டால், அதை அடிக்கிற அண்ணை இன்றைக்கும் எழும்பிவிட்டார், கயிற்றைப் பிடித்துவிட்டார் என்று அர்த்தம். பிறகு சட்டி பானைச் சத்தம் தொடங்கும். மச்சான் எஞ்சினைத் தோளில் தூக்கிக்கொண்டு படலையைத் திறப்பார்.

இன்று காலை மணி கொஞ்சம் பிந்தித்தான் கேட்டது.